மூன்றாவது பணிப்பாளர்

நான் ஒரு கம்பனியின் பணிப்பாளர். இதைச் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வரும். பதினோரு வருசமாகப் பணிப்பாளராக இருக்கிறேன். கம்பனிக் கந்தோருக்கு மொத்தமாக நாலு தரம் போயிருப்பேன், அதிலும் மூன்று தரம் சரஸ்வதி பூசைக்கு.

கம்பனி கொட்டாஞ்சேனையில் இருக்கிறது. மிளகாய்த்தூளும் கறித்தூளும் அரைத்துப் பக்கற்றில் அடைத்து விற்கிறோம். மாமனார் தொடங்கி, மாமியின் பெயரையே வைத்தார்: சரோஜினி புரொடக்ட்ஸ். மாமனார் காலமான பிறகு மூத்த மகன் தில்லைநாதன், இளைய மகன் பிரியந்தன், தாய் சரோஜினிதேவி என்று மூன்று பேர் பணிப்பாளர்கள். பிரியந்தன் என் கணவர். மாமியும் போய்ச் சேர்ந்ததும் அந்த மூன்றாவது இடத்தில் என் பெயரைப் போட்டார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், "ஒரு பேருக்குத்தான் சுபோ" என்று பிரியந்தன் சொல்லியிருப்பார்.

பேருக்குப் பணிப்பாளராக இருப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. மாதத்தில் ஒருநாள் அவர் ஒரு மண்ணிற உறையோடு வீட்டுக்கு வருவார். உள்ளே இருக்கிற தாள்களில் பென்சிலால் பெருக்கல் குறி மாதிரி மெல்லிய புள்ளடிகள் போட்டிருக்கும். புள்ளடி இருக்கிற இடமெல்லாம் நான் கையெழுத்து வைக்க வேண்டும். பிறகு அவர் அழிறப்பரால் புள்ளடிகளை அழிப்பார். நான் ஒரு கையில் அகப்பையோடும் மறுகையில் பேனையோடும் இருபது கையெழுத்து வைத்திருக்கிறேன். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் மட்டும் என்னைப் போல ஐந்தாறு பணிப்பாளர்கள் இருக்கிறார்கள். மரக்கறி வாங்கப் போகும் இடத்தில் ஒருவருக்கொருவர் சிரித்துக்கொள்கிறோம்.

இப்படியே காலம் போயிருக்கும். குழப்பியது கனடா வீசா. தங்கையின் மகளுக்குக் கல்யாணம், போகவேண்டும். படிவம் நிரப்பிய ஏஜென்ட் என் தொழில் என்ற இடத்தில் 'கம்பனி டிரெக்டர்' என்று எழுதிவிட்டான். பிரியந்தனுக்குப் பயம் பிடித்தது.

"ஆரும் போன் எடுத்து இங்கிலீசில கேட்டாலும் கேப்பாங்கள். உங்கட கம்பனியில எத்தனை டிப்பார்ட்மென்ட், உமக்குக் கீழ ஆர் ஆர் எண்டு. நீர் முழிச்சுக்கொண்டு நிண்டா என்ன செய்யிறது?"

"எனக்குக் கீழ கேஸ் சிலிண்டர்தான் இருக்கு எண்டு சொல்லுறன்."

"பகிடி விடாமல் ஒரு இங்கிலீஷ் கிளாசுக்குப் போம்."

அவரே போய்க் காசு கட்டிவிட்டு வந்தார். அதை அவர் இன்றுவரைக்கும் நினைத்து வருத்தப்படுகிறார் என்று நினைக்கிறேன்.

வகுப்பு காலி வீதியில் ஒரு பாமசிக்கு மேலே, இரண்டாம் மாடியில். செவ்வாயும் வியாழனும் பின்னேரம் ஐந்து மணிக்கு. எங்களுக்குப் படிப்பித்த நிம்றாவுக்கு இருபத்தாறு வயதிருக்கும். ஒரு வங்கியில் வேலை செய்துவிட்டு, அங்கே மேலதிகாரியோடு கொழுவிக்கொண்டு வெளியே வந்தவள். முதல்நாளே எனக்கு அவளைப் பிடித்துப்போனது. வெள்ளைப் பலகையில் பெட்டி பெட்டியாகக் கீறி, மேலே சேர்மன், அதற்குக் கீழே போர்ட், அதற்குக் கீழே மனேஜிங் டிரெக்டர் என்று எழுதுவாள். யார் யாருக்கு ரிப்போர்ட் பண்ணுகிறார்கள், யார் யாருக்குச் சபோர்டினேட் என்று அம்புக்குறி போடுவாள். மொத்தம் எட்டுப் பேர் படித்தோம். என் பக்கத்தில் முர்ஷித் என்று ஒரு பொடியன். போன் கடையில் நிற்கிறான், கிளை மனேஜராக வேண்டும் என்பது அவன் ஆசை. எனக்கோ ஓரிடத்தில் குந்தியிருக்க வராது. கால் தானாக ஆடும். நான் எழும்பி ஜன்னலடியில் நின்று பஸ்களைப் பார்த்துக்கொண்டே 'மேர்ஜர்', 'சப்சிடியரி', 'ஷெயர்ஹோல்டர்' என்று சொல்லிப் பார்ப்பேன். நிம்றா ஒன்றும் சொல்லமாட்டாள்.

ஐந்தாம் கிழமை அவள் ஒரு வேலை தந்தாள்.

"எல்லாரும் ஒங்கட ஒங்கட கம்பனில இருந்து ஒரு பேப்பர் கொண்டு வாங்க. பழசா இருந்தாலும் பரவால்ல. நாங்க சேந்து வாசிச்சுப் பாப்பம். புத்தகத்துல இருக்கிற கம்பனி எல்லாம் லண்டன்ல இருக்கு."

பிரியந்தனிடம் கேட்டேன். அவர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அலுமாரியிலிருந்து ஒரு பழைய கோப்பை எடுத்து, உள்ளே திறந்துகூடப் பாராமல் என் மடியில் போட்டார்.

"இந்தாரும், மினிட்ஸ், கூட்ட அறிக்கையள். இதில இங்கிலீசைத் தவிர வேற ஒண்டும் இல்லை."

வியாழக்கிழமை அதைக் கொண்டுபோனேன். நிம்றா முதல் பக்கத்தை வாசித்தாள். எந்தத் திகதி, எந்த இடம், யார் யார் வந்திருந்தார்கள். வந்தவர்களில் மூன்றாவது பெயர் மிஸிஸ் எஸ். பிரியந்தன்.

"நீங்க போயிருக்கிறீங்க," என்றாள் நிம்றா சந்தோஷமாக.

"நானோ?"

"பிரசன்ட் எண்டு போட்டிருக்கே. இங்க பாருங்க, சைனும் இருக்கு."

என் கையெழுத்துத்தான். அடுத்த கூட்டம், அதற்கடுத்த கூட்டம், எல்லாவற்றிலும் நான் வந்திருக்கிறேன். வந்தது மட்டுமல்ல, வாய் திறந்தும் கதைத்திருக்கிறேன். எந்தத் தீர்மானத்தை எடுத்தாலும் முன்மொழிந்தவர் தில்லைநாதன், வழிமொழிந்தவர் நான். லொறி வாங்க வழிமொழிந்திருக்கிறேன். பெயின்ட் அடிக்க வழிமொழிந்திருக்கிறேன். முர்ஷித் சிரித்து உருண்டான்.

"அக்கா, நீங்க பெரிய ஆள்தான்! வராமலே எல்லாத்தையும் செகண்ட் பண்ணியிருக்கிறீங்க."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே தாளைப் புரட்டினேன். நாலு வருசத்துக்கு முன்னால் நடந்த ஒரு கூட்டத்தில் நிம்றாவின் விரல் நின்றது. "இதுல நல்ல வேர்ட்ஸ் இருக்கு" என்று பலகையில் எழுதப் போனாள். டேர்மினேட். இன்சபோர்டினேஷன். வித் இமீடியட் இஃபெக்ட்.

"டேர்மினேட் எண்டா?" என்று கேட்டாள்.

"வேலைய விட்டு நிப்பாட்டுறது," என்றான் முர்ஷித்.

"இன்சபோர்டினேஷன்?"

"மேல இருக்கிற ஆக்கள் சொல்றதக் கேக்காம இருக்கிறது."

நிம்றா முழு வசனத்தையும் வாசித்தாள். மிஸிஸ் ஏ. ஆறாயி என்பவரைக் கீழ்ப்படியாமை காரணமாக உடனடியாக வேலையிலிருந்து நீக்குவது. முன்மொழிந்தவர் தில்லைநாதன். வழிமொழிந்தவர் மிஸிஸ் எஸ். பிரியந்தன். அடுத்த தாள் அந்தக் கடிதத்தின் பிரதி. அதன் அடியில் ஒரேயொரு கையெழுத்து. என்னுடையது.

என் கால் ஆடுவது நின்றுபோயிற்று. "இந்தப் பேர் ஆர்?" என்று நிம்றா கேட்டாள். "எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆள்" என்று சொல்லிவிட்டுக் கோப்பை மூடிக்கொண்டு படியிறங்கிவிட்டேன். செருப்பை மாறிப் போட்டுக்கொண்டு வந்தது பாதி வழியில்தான் தெரிந்தது.

ஆறாயி எங்கள் கம்பனியில் பதினாறு வருசம் பக்கற் பண்ணியவள். எனக்குப் பித்தப்பையில் கல் என்று களுபோவில ஆஸ்பத்திரியில் வெட்டியபோது, கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி ஆறு நாளும் கஞ்சி கொண்டுவந்தாள். யாரும் சொல்லி வரவில்லை. என் சொந்த மச்சாள்மார் வட்ஸப்பில் பூங்கொத்துப் படம் அனுப்பிய நேரத்தில் அவள் என் கட்டில் விரிப்பை மாற்றினாள். பிறகு ஒருநாள் பிரியந்தன், "ஆறாயி வேலையை விட்டிட்டாள், மகளோட ஹட்டனுக்குப் போறாளாம்" என்றார். சொல்லாமல் போய்விட்டாளே என்று எனக்கு மனத்தாங்கல்.

ஒரு வருசம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் அவளைக் கண்டேன். மெழுகுதிரி கொளுத்துகிற இடத்தில் நின்றாள். "ஆறாயி!" என்று கூப்பிட்டேன். என்னைப் பார்த்தாள், நன்றாகவே பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு சனத்துக்குள் போய்விட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. அவளுக்கு நான் தைத்துக் கொடுத்த சட்டைகள், மகளுக்குக் கொடுத்த புத்தகங்கள் எல்லாம் ஞாபகம் வந்தன. நன்றி கெட்டவள் என்று மூன்று வருசமாக அவளை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். கந்தசஷ்டி விரதத்தில்கூடத் திட்டினேன்.

வீட்டுக்குப் போனதும் கோப்பைப் பிரியந்தனின் முன்னால் விரித்தேன்.

"ஆறாயி என்ன செய்தவள்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கத் தொடங்கினால் பொய் வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்த முறை பொய் சொல்லவில்லை.

"கதிரை கேட்டவள். நிண்டு நிண்டு கால் வீங்குது, இருந்து பக்கற் பண்ண உயரக் கதிரை தாங்கோ எண்டு எல்லாப் பொம்பிளையளையும் சேத்துக் கடிதம் எழுதினவள். அண்ணாவுக்குக் கோபம் வந்திட்டுது."

"அதுக்கு ஏன் என்ர கையெழுத்து?"

"பொம்பிளையளை நிப்பாட்டிற கடிதத்தில பொம்பிளையின்ர கையெழுத்து இருந்தா சத்தம் வராது எண்டு அண்ணா சொன்னவர். ஆம்பிளை வச்சா வேற கதை கட்டுவாளவை."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீர் வச்சிருப்பீரோ?"

இதை அவர் ஒரு நியாயமாகத்தான் சொன்னார். கல்யாணம் கட்டி இருபத்திரண்டு வருசம். கெட்ட மனிசனில்லை. சண்டை வரும் என்றால் அந்தப் பக்கமே போகாத மனிசன், அவ்வளவுதான். நான் குசினிக்குள் போய், கழுவின கோப்பைகளை எல்லாம் மறுபடி கழுவினேன்.

அடுத்த புதன்கிழமை மண்ணிற உறை வந்தது. என்ன நெஞ்சுரம் என்று நினைத்தேன். பிறகுதான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். மேசையில் வைத்துவிட்டு நேரே குளியலறைக்குள் போனார். உள்ளே ஏழு கடிதங்கள். ஏழு பெண்களின் பெயர்கள். பக்கற் பண்ணுகிற பகுதியை மூடிவிட்டு, வேலையை வெளியே ஒரு கம்பனிக்குக் கொடுக்கப் போகிறார்கள். காரணம் 'ரீஸ்ட்ரக்சரிங்', மறுசீரமைப்பு என்று போட்டிருந்தது. அந்தச் சொல்லை நிம்றா இரண்டாம் கிழமையே சொல்லித் தந்திருந்தாள். ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் ஒரு பென்சில் புள்ளடி. அதோடு சனிக்கிழமை நடக்கப்போகிற கூட்டத்தின் அறிக்கையும் இருந்தது. இன்னும் நடக்காத கூட்டத்துக்கு நான் போய் வழிமொழிந்துவிட்டேன்.

அந்த மூன்று நாளும் நான் ஒழுங்காக ஒரு வேலை செய்யவில்லை. சோற்றை அடிப்பிடிக்க விட்டேன். மகளைப் பம்பலப்பிட்டியில் டியூஷனுக்கு விட்டுவிட்டு, பஸ் ஏறாமல் கடற்கரை வீதியால் நடந்தே வந்தேன். வந்து பார்த்தால் வீட்டைத் தாண்டித் தெஹிவளைக்குக் கிட்டப் போயிருந்தேன். கையெழுத்து வைக்காமல் விட்டால் என்ன நடக்கும்? பிரியந்தன் தமையனிடம் பேச்சு வாங்குவார். கடிதத்தில் வேறு யாராவது கையெழுத்து வைப்பார்கள். வைத்தால்? ஏழு ஆறாயிகள். கொழும்பில் எந்தக் கோவிலுக்கும் நான் நிமிர்ந்து போக முடியாது. ஏலுமானால் இரண்டு பக்கமும் நல்லவளாக இருக்க வேண்டும் என்றுதான் நானும் வழி தேடினேன். அப்படி ஒரு வழி இருக்கவில்லை.

வியாழக்கிழமை வகுப்பில் நிம்றா எங்களைக் கூட்டம் நடத்த விட்டாள். நாங்கள் பணிப்பாளர் சபையாம். முர்ஷித் சேர்மன், நான் ஒரு டிரெக்டர். தொடங்கு முன்னால் அவள் ஒரு சொல்லை எழுதினாள்: குவோரம். இத்தனை பேர் இருந்தால்தான் கூட்டம் கூட்டமாகும், ஒரு ஆள் குறைந்தாலும் எடுத்த தீர்மானம் செல்லாது.

"எத்தனை பேர் எண்டு ஆர் சொல்லுறது?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு கம்பனிக்கும் ஒவ்வொரு மாதிரி. கம்பனிட சட்டதிட்டம், ஆர்டிக்கிள்ஸ்ல எழுதியிருப்பாங்க."

நான் வெளியே வராந்தாவுக்குப் போய் ஒஸ்வால்டுக்குப் போன் எடுத்தேன். ஒஸ்வால்ட் எங்கள் கம்பனிச் செக்கரட்டரி. மாமனார் காலத்திலிருந்து இருக்கிறார். கூட்ட அறிக்கை எழுதுவதும், அந்தப் பென்சில் புள்ளடிகளைப் போடுவதும் அவர்தான்.

"மிஸ்டர் ஒஸ்வால்ட், எங்கட கம்பனியில குவோரம் எத்தனை பேர்?"

அவர் வீட்டு ரேடியோவைக் குறைப்பது கேட்டது.

"மூன்று, மேடம். மூத்த ஐயா அப்படித்தான் எழுதி வச்சவர். ரெண்டு மகன்மாரும் தாயை விட்டிட்டு ஒரு முடிவும் எடுக்கக் கூடாது எண்டு."

"நான் ஒரு நாளும் வரேல்லையே. அப்ப பதினோரு வருசமும் நடந்ததெல்லாம்?"

"உங்கட சைன் இருக்கே, மேடம்."

"சனிக்கிழமை கூட்டம் எத்தனை மணிக்கு?"

"பத்து மணிக்கு," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வாறீங்களா, மேடம்?" என்று கேட்டார். அந்த மனிசனின் குரலில் பயம் இருந்ததா, சந்தோஷம் இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

உள்ளே போய் நிம்றாவிடம் ஒரு வசனம் எழுதித் தரச் சொன்னேன். ஐ விஷ் டு ஒப்போஸ் திஸ் ரெசொல்யூஷன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. 'விஷ்' என்பதை அழுத்தாமல் 'ஒப்போஸ்' என்பதை அழுத்திச் சொல்லப் பழக்கினாள். முர்ஷித் சேர்மன் மாதிரி இருந்துகொண்டு பத்துத் தரம் எனக்கு எதிர்ப்பேச்சுப் பேசினான். பொடியனுக்கு நல்ல வாய். மனேஜராகிவிடுவான்.

சனிக்கிழமை காலை பிரியந்தன் உறையைத் தேடினார். "என்னட்ட இருக்கு. நானும் வாறன்" என்றேன். அவர் எடுத்த கார் சாவியை மறுபடி மேசையில் வைத்தார்.

"சுபோ, நீர் அங்க வந்து ஒண்டும் செய்ய ஏலாது. வாக்கு ரெண்டுக்கு ஒண்டு."

"தெரியும்."

"அண்ணாவுக்கு முன்னால என்னைச் சந்தி சிரிக்க வைக்கப் போறீர்."

"அப்ப நீங்களும் என்னோட சேந்து வேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

அவர் காரை எடுத்துக் கொட்டாஞ்சேனைப் பக்கம் விட்டார். நான் உறையை மடியில் வைத்துக்கொண்டு நிம்றாவின் வசனத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். கோட்டைச் சந்தியில் வாகனம் நின்றபோது இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது.

கந்தோர் மேல்மாடியில். கீழே பெண்கள் பக்கற் பண்ணுகிறார்கள், அதன் தூசி படியேறி வந்து மூக்கை அரிக்கும். தில்லைநாதன் அத்தான் மேசைத் தலைப்பில் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார். மரியாதையில் குறை வைக்காத மனிசன்.

"என்ன பிள்ளை, நீரும் வந்திட்டீர்? இரும், இரும். தேத்தண்ணி சொல்லவோ?"

"கூட்டத்துக்கு வந்தனான், அத்தான்."

அவர் பிரியந்தனைப் பார்த்தார். பிரியந்தன் ஜன்னலைப் பார்த்தார். ஒஸ்வால்ட் தடித்த புத்தகத்தைத் திறந்து, வந்தோர் என்ற இடத்தில் மூன்று பெயர்களையும் எழுதினார். என் பெயரை எழுதும்போது நிமிர்ந்து ஒரு தரம் என்னைப் பார்த்துக்கொண்டார்.

அத்தான் தீர்மானத்தை வாசித்தார். காரணங்களையும் சொன்னார். பொய்க் காரணங்கள் என்று சொல்ல மாட்டேன். வெளியே கொடுத்தால் சுகம், தலையிடி இல்லை, இந்த ஏழு பேரையும் கட்டி மேய்க்கத் தேவையில்லை. முடித்துவிட்டு, "வழிமொழிஞ்சது சுபோதினி எண்டு எழுதும் ஒஸ்வால்ட்" என்றார், பழக்கத்தில்.

நான் எழும்பினேன். "ஐ விஷ் டு" என்று தொடங்கினேன். மிளகாய்த் தூசி தொண்டையில் பிடித்துக்கொண்டது. இருமினேன், கண்ணால் மூக்கால் எல்லாம் தண்ணீர் ஓடியது. மூன்று ஆண்களும் நான் அழுகிறேன் என்று நினைத்துத் தலையைக் குனிந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் இங்கிலீஷ் எல்லாம் பறந்துவிட்டது.

"நான் இதை எதிர்க்கிறன். வழிமொழியேல்லை. ஒரு நாளும் ஒண்டையும் வழிமொழியேல்லை."

"பிள்ளை, உமக்கு இதுகள் விளங்காது."

"நல்லா விளங்குது அத்தான். கதிரை கேட்ட ஆறாயியை என்ர கையால நிப்பாட்டினியள். இப்ப ஏழு பேர்."

"தம்பி, உன்ர மனிசிக்குச் சொல்லு."

பிரியந்தன் வாயைத் திறந்தார். அவர் இப்போதாவது ஏதாவது சொல்லுவார் என்று நான் நினைத்தேன், மனசார நினைத்தேன். "சுபோ, இரும்" என்றார். அது என்னைச் சுட்டது.

"சரி, ரெண்டுக்கு ஒண்டு. எழுதும் ஒஸ்வால்ட்," என்றார் அத்தான்.

"இன்னும் வாக்கு எடுக்கேல்லை, சேர். கை உயர்த்த வேணும்."

"அப்ப உயர்த்துவம்."

நான் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினேன்.

"மிஸ்டர் ஒஸ்வால்ட், நான் போறன். வாக்கெடுக்க முதல் எழும்பிப் போறன். நான் போனால் எத்தனை பேர்?"

"ரெண்டு பேர், மேடம்."

"ரெண்டு பேர் இருந்தா?"

ஒஸ்வால்ட் பேனையை மேசையில் வைத்தார். "கூட்டம் இல்லை, மேடம்."

அத்தானுக்கு முகம் கறுத்தது. "என்ன ஒஸ்வால்ட், இவ்வளவு காலமும் எழுதினீர்தானே? அது மாதிரி இதையும் எழுதும்."

"மேடத்துக்குத் தெரியாம இருந்தது, சேர். அதால எழுதினன். இனி எழுத ஏலாது. எனக்கு எழுபத்தொரு வயசு, லைசென்ஸ் போனா இனி எடுக்க மாட்டன்."

"உம்மை டிரெக்டராப் போட்டது நாங்கள். எடுக்கவும் தெரியும், பிள்ளை," என்றார் அத்தான் என்னிடம். குரலை உயர்த்தவில்லை.

"தெரியும். கிளாசில படிச்சனான். அதுக்கு ஷெயர்ஹோல்டர்ஸ் கூட்டம் வைக்க வேணும், முன்கூட்டி நோட்டீஸ் அனுப்ப வேணும். அனுப்புங்கோ. அது வரைக்கும் ஒவ்வொரு சனியும் வந்து ஒவ்வொரு சனியும் எழும்புவன்."

சொல்லிவிட்டு உடனே போகவில்லை. அந்தப் புத்தகத்தை நம்பி நான் வெளியே போகத் தயாரில்லை. ஒஸ்வால்டுடைய தோளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பத்து நாற்பதுக்கு மிஸிஸ் பிரியந்தன் கூட்டத்தை விட்டு வெளியேறினார், குவோரம் இல்லை, கூட்டம் கலைந்தது என்று அவர் எழுதி முடிக்கும் வரைக்கும் நின்றேன். பதினோரு வருசத்தில் என்னைப் பற்றி அந்தப் புத்தகத்தில் எழுதப்பட்ட முதல் உண்மைகள் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. பிரியந்தன் மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் உறையை எடுத்துக் கமக்கட்டுக்குள் இடுக்கிக்கொண்டு கதவைத் திறந்தேன்.

படியிறங்கும்போது நான் பறந்தேன் என்றே சொல்லலாம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: அவர்கள் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன். கையைப் பிடித்துக்கொள்வார்கள், அழுவார்கள், நானும் அழலாம் என்று நினைத்தேன். பக்கற் பண்ணுகிற அறைக் கதவு திறந்திருந்தது. ஏழு பெண்களும் நீட்டு மேசையைச் சுற்றி நின்றார்கள், மூக்கை மூடித் துணி கட்டிக்கொண்டு. நான் உள்ளே காலை வைத்தேன். சீல் அடிக்கிற மெஷினை யாரோ நிற்பாட்டினார்கள்.

எல்லாருடைய கண்ணும் என் கமக்கட்டில் இருந்த உறையில் இருந்தது. தராசடியில் நின்ற பெண்தான் அவர்களில் மூத்தவள். துணியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக் கேட்டாள்.

"யாருக்குங்க மேடம்?"

"என்ன?"

"லெட்டரு. யாருக்கு?"

"ஒருத்தருக்கும் இல்லை," என்றேன். "நான் கையெழுத்து வைக்கேல்லை. கூட்டம் நடக்கேல்லை."

அவள் தலையை ஆட்டினாள். நம்பின ஆட்டல் அல்ல. யாரும் மெஷினைப் போடவில்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"நான் பிரியந்தன்ர மனிசி. சுபோதினி. என்னை உங்களுக்குத் தெரியாது..."

"தெரியுங்க மேடம்," என்றாள். "நாலு வருசமா தெரியும். ஒங்க பேர எழுத்துக் கூட்டி வாசிச்சிருக்கோம்."

இன்றைக்கில்லாவிட்டால் இனி ஒருநாளும் கேட்கமாட்டேன் என்று தோன்றியது. கேட்டேன்.

"ஆறாயி இப்ப எங்க இருக்கிறா? எனக்கு அவவை ஒருக்காப் பாக்க வேணும்."

மேசையின் கடைசியில் நின்ற சின்னப் பெண் வாயெடுத்தாள். பக்கத்தில் நின்றவள் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள். சின்னவள் வாயை மூடிக்கொண்டாள். தராசடியில் நின்றவள் துணியை மறுபடி மூக்குக்கு ஏற்றிக் கட்டினாள்.

"அவங்கள விட்டுருங்க மேடம்," என்றாள். "அதான் லெட்டர் குடுத்தாச்சே."